டிஸ்பென்சர் சம்ப், லீக் சென்சார்: சம்ப்புக்கு ஃபுல் மார்க், சென்சாருக்கு பாதிதான்

நம்ம பெட்ரோல் பங்க்ல டிஸ்பென்சர் (வண்டிக்கு எண்ணெய் போடற மெஷின்) மாத்துனப்பவே அடியில பிளாஸ்டிக் சம்ப்பும் (கசியறதப் புடிக்கற தொட்டி) லீக் சென்சாரும் சேத்துப் போட்டோம், ஒரு மழைக்காலமும் பாத்தாச்சு, அதான் எழுதறேன்.

சம்ப் அருமை. முன்னாடி அடியில வெறும் மண்ணுதான், ஃபில்டர் கேஸ்கெட்ல சொட்டுனா நேரா பூமிக்குள்ள போயிடும், டாங்க்ல கோல் விட்டு டிப் பாக்கறப்ப வர்ற ஷார்டேஜ்ல அது எங்க தனியா தெரியப்போவுது. இப்ப கீழ்க்கதவத் தெறந்தா தொட்டியிலயே நிக்குது, எந்த ஜாயின்ட்ல வடியுதுன்னு கண்ணாலயே பாக்கலாம். டீசல் ஃபில்டர் அடியில முத்து முத்தா கோத்து நின்னத அப்படித்தான் புடிச்சோம்.

பழைய சக்‌ஷன் பம்ப்ல பைப் ஓட்டையானா காத்து இழுக்கும், டெலிவரி திக்கும், தெரிஞ்சிடும். டாங்க்குக்குள்ளயே முங்கிக் கெடக்கற சப்மெர்சிபிள் பம்ப் அப்படியில்ல, பிரஷர்ல வெளிய தள்ளும். அதான் லைன்ல லீக் டிடெக்டர் இருக்கேன்னு கேப்பீங்க, மெக்கானிக்கல் டைப் 10 பிஎஸ்ஐ பிரஷர்ல மணிக்கு 3 கேலன், சுமாரா 11 லிட்டர் போனாத்தான் புடிக்கற மாதிரி செஞ்சது, சொட்டுக் கசிவெல்லாம் அதுக்குக் கணக்கே இல்ல.

சென்சார்தான் தலைவலி. எங்களுக்குக் குடுத்தது சாதா மிதவை. மழைத்தண்ணி எறங்குனாலும் கத்துது, பெட்ரோலுக்கும் அதே கத்தல், நைட் ஷிப்ட் பசங்க கடுப்பாகி அலாரத்தையே ஆஃப் பண்ணிடறாங்க (அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது). தண்ணி எது எண்ணெய் எதுன்னு பிரிச்சுச் சொல்ற சென்சார் இருக்கு, வெல கூடதான், ஆனா அதையே கேட்டு வாங்குங்க. சம்ப்ல நிக்கற தண்ணிய அப்படியே சாக்கடையில எறைச்சு விடாதீங்க, மேல எண்ணெய் மிதக்கும்.

ஃபிட்டிங்தான் படு மோசம். பைப் நுழையற எடத்துல ரப்பர் பூட்ட (தண்ணி போகாம அடைக்கற ஒறை) மாட்டி, கிளாம்ப ஏனோதானோன்னு திருகிட்டு பில்ல நீட்டுனாங்க. விடல. பைப் ஓட்டைக்கு மேல 4 இஞ்ச் தண்ணி ரொப்பி 1 மணி நேரம் விட்டுப் பாக்கணும், 1/8 இஞ்ச் எறங்குனாலே ஃபெயில், அமெரிக்காவுல இப்படித்தான் டெஸ்ட் பண்றாங்க. ரொப்புனா கண்ணெதிர்லயே எறங்குது! பூட் மாத்தி கிளாம்ப் முறுக்கினப்புறம்தான் நின்னுச்சு.

வண்டி இடிச்சா லைன மூடற ஷியர் வால்வையும் ஆட்டிப் பாத்துட்டு காசு குடுங்க. அதத் தாங்கற இரும்பு பார்ல ஆடாம முறுக்கியிருக்கணும், லூசா இருந்தா இடிக்கறப்ப அது சரியா ஒடைஞ்சு மூடாது.