கொழும்பில் விற்கும் மலையேற்ற முதலுதவிப் பை: நம் காடுகளுக்கு எவ்வளவு பொருந்தும்?

காலி வீதியில் கூடாரங்களும் மலையேற்றச் சப்பாத்துகளும் விற்கும் கடையொன்றில், பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு உரியது என்று அச்சிடப்பட்ட முதலுதவிப் பை ஒன்று கிடைக்கிறது. இறக்குமதிப் பொருள்; விலை பதினெட்டாயிரம் ரூபாயை அண்மிக்கிறது. பழைய மாணவர் சங்கங்களும் அலுவலகக் குழுக்களும் விடுமுறை வந்தால் நக்கிள்ஸ், சிங்கராஜ, ஹோட்டன் சமவெளி என்று புறப்பட்டுவிடுவதால், இந்தப் பையை வாங்கலாமா என்று குழுவை அழைத்துச் செல்பவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். தையல் உறுதியானது, துணி மழைக்குத் தாங்குகிறது, அறைகள் ஒழுங்காகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் உள்ளே என்ன வைப்பது என்று தீர்மானித்தவர் மனதில் வைத்திருந்தது வேறொரு நாட்டின் காடு.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பையிலுள்ள பொருட்களில் மிகவும் பயனுள்ளது, மெல்லிய அலுமினியத் தகட்டின் இரு பக்கமும் நுரை ஒட்டிச் சுருட்டி வைக்கப்பட்ட எலும்பு முறிவுத் தாங்கி. தட்டையாக இருக்கும்போது துவளும் அந்தத் தகட்டை நீளவாக்கில் வாய்க்கால்போல் மடித்தவுடன் விறைத்துவிடுகிறது. மணிக்கட்டுக்கும் கணுக்காலுக்கும் முன்கைக்கும் ஒரே தகடு போதும், கத்தரிக்கோலால் அளவுக்கு வெட்டவும் முடியும். வழுக்குப் பாறைகள் நிறைந்த நம் ஓடைப் பாதைகளில் கணுக்கால் பிசகுவதும் மணிக்கட்டை ஊன்றி விழுவதும் சாதாரணம் என்பதால், இந்த ஒரு பொருளுக்கு எவ்வளவு பாராட்டும் தகும். முக்கோணத் துணிகளும் மீள்தன்மையுள்ள பந்தனங்களும் தரமானவை. பிளாஸ்டர் மட்டும் வியர்வையில் அரை நாள்கூட நிற்பதில்லை.

இனிக் குறை. பக்க அறையில், 'பாம்பு விஷம் உறிஞ்சி' என்று பொருள்படும் பெயருடன் ஒரு மஞ்சள் நிறப் பம்பி வைத்திருக்கிறார்கள். பையை வாங்குபவர் அதைப் பார்த்தே மனந்தேறுவார். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவில் மனிதத் தன்னார்வலர்களின் காலில் போலி விஷத்தைச் செலுத்தி இத்தகைய பம்பியால் உறிஞ்சிப் பார்த்து, 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வில், செலுத்தியதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வெளியே வரவில்லை. உறிஞ்சுவதால் தோல் கன்றிப்போவதும், வைத்தியசாலைக்குப் போகவேண்டிய நேரம் வீணாவதுமே மிச்சம். அந்தப் பம்பியை வெளியே எடுத்துக் குப்பையில் போடுவது, இந்தப் பையை வாங்கியவர் செய்யவேண்டிய முதல் வேலை.

நம் நாட்டுப் பாம்புகளின் விடயம் இன்னும் சிக்கலானது. நாகம், கண்ணாடி விரியன், எண்ணெய் விரியன் (கட்டு விரியன்), சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தைக் கொண்டு இந்தியாவில் தயாரிக்கப்படும் மாற்று மருந்தையே இங்குள்ள வைத்தியசாலைகள் நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் ஈரவலயத் தோட்டங்களிலும் காட்டோரங்களிலும் சருகுக்குள் சருகாகக் கிடந்து காலையும் விரலையும் அதிகம் தீண்டுவது, மூக்கு மேல்நோக்கி வளைந்த சிறிய விரியன். சிங்களத்தில் பொலொன் தெலிஸ்ஸா அல்லது குணகட்டுவா என்பார்கள். அதன் விஷத்துக்கு அந்த மருந்து பலன் தருவதில்லை. பெரும்பாலும் வீக்கமும் வலியுமாக முடிந்தாலும், சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுவதால், சிறிய பாம்புதானே என்று நடந்துகொண்டே போகக்கூடாது. எண்ணெய் விரியன் நேர்மாறானது: இரவில் தரையில் உறங்குபவரைத் தீண்டும், கடித்த இடத்தில் வலியே இல்லாமல் இருக்கலாம், பின்னர் கண்ணிமை தொங்கும், பேச்சுக் குழறும், மூச்சுத் தசைகள் செயலிழக்கும். மாற்று மருந்தே கடும் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்பதால் அதை எந்தப் பையிலும் சுமந்துசெல்ல இயலாது. குழுத் தலைவரின் கையில் இருப்பவை சில எளிய செயல்கள்தாம்: மோதிரத்தையும் கொலுசையும் கழற்றுவது, கடிபட்ட உறுப்பை அந்த அலுமினியத் தாங்கியால் அசையாமல் கட்டுவது, பாதிக்கப்பட்டவரை நடக்கவிடாமல் சுமந்து வாகனம் வரும் வீதிக்குக் கொண்டுசெல்வது. கீறுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. இதைச் சொல்லக் காரணம், பையில் குச்சியைத் திருகி இறுக்கும் கட்டு ஒன்றும் இருக்கிறது. கத்தியோ கோடரியோ பட்டு, அழுத்தியும் நிற்காமல் இரத்தம் பீறிடும்போது உயிர்காக்கும் பொருள் அது. பாம்புக் கடிக்கு அதை எடுப்பவர் காலையே இழக்கச் செய்யலாம். கூடவரும் கைநூல் இந்த வேறுபாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

மாத்திரைகளைப் பார்ப்போம். வலிநிவாரணியாக வைக்கப்பட்டிருப்பது இபுபுரூஃபன். கொழும்பிலிருந்து புறப்படும் ஒருவருக்கு மலையில் திடீரென்று காய்ச்சல் கண்டால், அது டெங்குவாக இருக்கக்கூடும் என்று எண்ணியே நடந்துகொள்ளவேண்டும். டெங்குவில் இபுபுரூஃபனும் அஸ்பிரினும் இரத்தக்கசிவை மோசமாக்கும். விரியன் கடிக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆகவே அந்த அட்டையை எடுத்துவிட்டு, சாதாரண பரசிற்றமோலை வைத்துக்கொள்வதே அறிவுடைமை. வயிற்றோட்டத்துக்கும் வெயிலில் உடல்நீர் இழப்புக்கும் பையில் எதுவுமே இல்லை என்பது வியப்பாக இருந்தது. எந்தப் பாமசியிலும் கிடைக்கும் ஜீவனி எனும் உடல்நீர் மீட்கும் தூள் பக்கெட்டுகள் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். பக்கெட்டில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைக்கவேண்டும், கண்ணளவில் அல்ல.

தோட்டப் பகுதிகளில் குளவிக் கொட்டுக்கு இலக்கானோர் பற்றிய செய்தி நம் பத்திரிகைகளுக்குப் புதிதல்ல. அதற்கென்று பையில் இருப்பது ஒவ்வாமைக்கான மாத்திரை மட்டுமே. தோல் தடித்து அரிப்பவருக்கு அது போதும். மூச்சிரைத்து, முகம் வீங்கி, மயங்கிச் சரிபவருக்குத் தேவை தொடையின் வெளிப்புறத் தசையில் ஏற்றும் அட்ரினலின். வளர்ந்தவருக்கு அரை மில்லிகிராம். வைத்தியரின் சீட்டும் பயிற்சியும் இன்றி அதைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது என்பதால் கடைக்காரரைக் குறைசொல்லமாட்டேன். ஆனால் புறப்படுவதற்கு முன்பே ஒவ்வொருவரிடமும் ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளும் தலைவர், எந்தப் பையையும்விட அதிகம் காப்பாற்றுவார். அதற்கான ஒரு வெற்றுப் படிவமேனும் வைத்திருக்கலாம்.

மினுங்கும் வெப்பப் போர்வை நல்லது. கடல்மட்டத்திலிருந்து 2,000 மீற்றருக்கு மேலுள்ள ஹோட்டன் சமவெளியில் நனைந்த உடையோடு காற்றில் நிற்பவருக்கு நடுக்கம் தொடங்க அதிக நேரம் ஆகாது. ஆனால் ஈர உடையை மாற்றாமலும், கீழே பாயோ முதுகுப்பையோ விரிக்காமலும் போர்வையை மட்டும் சுற்றினால் குளிர் நிலத்திலிருந்து ஏறிக்கொண்டே இருக்கும். அட்டைக் கடிக்கு எதுவும் தேவையில்லை. சித்தாலேப களிம்பு தடவுவோர் தடவட்டும், இரத்தம் சற்று நேரம் கசியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

கைநூல் என்னை அதிகம் சலிப்படையச் செய்தது. வைத்தியசாலையை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் இடங்களையே காட்டு மருத்துவத்துக்கு உரிய களமாகக் கொள்வது வழக்கம். அந்த அளவுகோலைச் சரியாக எடுத்துக்கொள்ளும் நூல், அடுத்த பக்கத்திலேயே அமெரிக்க அவசர எண்ணான 911ஐ அழைத்து மீட்பு ஹெலிகொப்டருக்காகக் காத்திருக்கச் சொல்கிறது. நக்கிள்ஸ் மலைக் கிராமமான மீமுரேக்கு மேலுள்ள சரிவில் கால் முறிந்தவரைச் சுமக்கப்போவது கூட வந்தவர்களும் ஊர்மக்களுமே. 2016இல் தொடங்கப்பட்ட, 1990 என்ற எண்ணில் அழைக்கும் சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசமானது, சிறப்பானது. ஆனால் அது வருவது வாகனப் பாதை வரைக்கும்தான். எந்த வளைவில் தொலைபேசி அலை கிடைக்கும், எத்தனை மணிக்குத் திரும்பிவிடவேண்டும், யார் ஓடிப்போய்த் தகவல் சொல்வது என்பவற்றை முன்கூட்டியே முடிவுசெய்யாத குழுவுக்கு இந்தப் பை வெறும் சுமை.

பத்துப் பேர் குழுவை ஆண்டுதோறும் அழைத்துச் செல்லும் சங்கம் ஒன்று இதை வாங்கி, மேற்சொன்ன மாற்றங்களைச் செய்துகொண்டால் பணம் வீணாகாது. தனியாட்களுக்கும் சிறு குழுக்களுக்கும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்த அலுமினியத் தாங்கியைக் கடையில் தனியாகவும் விற்கிறார்கள். அதை மட்டும் வாங்கி, துணி, பந்தனம், கையுறை, பரசிற்றமோல், ஜீவனி ஆகியவற்றைப் பாமசியில் எடுத்தால் செலவு பாதிக்கும் கீழே வரும். மீதிப் பணத்தில், செஞ்சிலுவைச் சங்கமோ சென் ஜோன்ஸ் அம்பியுலன்ஸோ நடத்தும் முதலுதவிப் பயிற்சிக்குக் குழுவிலிருந்து இருவரை அனுப்பலாம். ஒருவரை மட்டும் அனுப்பவேண்டாம். காலை முறித்துக்கொள்பவர் அவராகவே இருக்கக்கூடும்.