கேம்பிங் பேட்டரி வாங்குபவர்கள் கவனம்: 18,500 ரூபாய் போச்சு

காவலூர் வானாய்வகம் இருக்கும் ஜவ்வாது மலைக்கு நட்சத்திரம் பார்க்கக் குடும்பத்தோடு போனோம். தங்கியது தெரிந்தவர் நிலத்தில், கூடாரம் போட்டு. அங்கே கரண்ட் இல்லை, குழாய் இல்லை. தண்ணீரை வேலூரிலிருந்தே கேனில் ஏற்றிக்கொண்டோம். விளக்குக்கும் ஃபேனுக்கும் போர்ட்டபிள் பவர் ஸ்டேஷன் (பிளக் மாட்டும் வசதியுள்ள பெரிய பேட்டரிப் பெட்டி) ஒன்று வாங்கினேன். அதில்தான் 18,500 ரூபாயை அடித்துவிட்டார்கள்.

விற்றது கேம்பிங் சாமான் விற்கும் ஒரு ஆன்லைன் பக்கம். 500 வாட் அவர் (அதாவது 500 வாட் சாமானை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு கரண்ட்) என்று போட்டிருந்தார்கள். வீடியோ காலில் வந்த பையன் டேபிள் ஃபேனை அதில் மாட்டி ஓட்டியே காட்டினான். "நானும் காட்பாடிதாண்ணா, ஊர்க்காரங்களை ஏமாத்துவேனா? ஒரு வருஷம் வாரண்டி, எதுன்னாலும் எனக்கே போன் பண்ணுங்க" என்றான். அந்தப் பேச்சை நம்பித்தான் 18,500 ரூபாயையும் ஜிபேயில் அனுப்பினேன்.

500 வாட் அவர் என்றால் 15 வாட் ஃபேனும் ஒரு சின்ன விளக்கும் விடிய விடிய ஓடியும் மிச்சம் இருக்க வேண்டும். இது மூன்று மணி நேரத்தில், டிஸ்பிளேயில் 82 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்தது. கும்மிருட்டு. குழந்தை அலறிவிட்டாள். அம்மா ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லை.

போன் பண்ணினால், "ஃபுல் சார்ஜ் போட்டிருக்க மாட்டீங்க" என்றான். அப்புறம், "மலைக் குளிர்ல அப்படித்தாண்ணா இறங்கும்". அதற்கப்புறம், "ஓனர் ஊர்ல இல்லை". கடைசியில் என் நம்பரையே பிளாக் பண்ணிவிட்டான்.

திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே எட்டே எட்டு செல். 500 வாட் அவருக்கு அந்த மாதிரி செல் ஐம்பதுக்கு மேல் வேண்டும். மீதி இடத்தில் பிளாஸ்டிக் பையில் ஆற்று மணல், டேப் சுற்றி ஒட்டியிருந்தது. கையில் வாங்கியபோது கனமாக இருந்ததே, அது இந்த மணலின் கனம்! மணலுக்கா 18,500 ரூபாய்? வயிறு எரிகிறது.

வாங்குபவர்கள் முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பாதீர்கள். கடைக்கு நேரில் போய், ஃபேன், விளக்கு மாட்டி மணிக்கணக்கில் ஓடவிட்டுப் பாருங்கள். மில்லி ஆம்பியர் அவர் (mAh) கணக்குச் சொன்னால் 3.7ஆல் (லித்தியம் அயான் செல்லின் வோல்ட்) பெருக்கி 1000ஆல் வகுங்கள், அதுதான் வாட் அவர். ஜிஎஸ்டி பில் தராதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு போன் அடியுங்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. நான் இரண்டிலும் சொல்லியிருக்கிறேன்.