திருகோணமலையில் சைலன்சர் பிராக்கெட் பொருத்துதல்: ஒரு சிறிய கராஜின் வேலை பற்றிய மதிப்பீடு

மோட்டார் சைக்கிளின் சைலன்சரை மாற்ற விரும்புகிறவர்கள் அதன் விலையைப் பற்றியும் சத்தத்தைப் பற்றியும் நிறைய விசாரிக்கிறார்கள். அதைத் தாங்கி நிற்கப்போகும் பிராக்கெட்டைப் பற்றி அநேகமாக ஒருவரும் கேட்பதில்லை. சைலன்சருடன் பொலித்தீன் பையில் போட்டுத் தரப்படும் வளைந்த தகடும் இரண்டு போல்ட்களும் எப்படியும் பொருந்திவிடும் என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். அநுராதபுரச் சந்திக்கு அண்மையில் ஓர் ஒழுங்கைக்குள் இயங்கும் சிறிய கராஜ் ஒன்று இந்த வேலையை எப்படிச் செய்கிறது என்பதை, என் 150 சிசி பல்சரில் அவர்கள் செய்து தந்த வேலையை வைத்து இங்கே எழுதுகிறேன். கராஜுக்குப் பெயர்ப்பலகை கிடையாது. சந்தியில் நிற்கும் முச்சக்கரவண்டிச் சாரதிகளிடம் சைலன்சர் வெல்டிங் செய்யும் இடம் என்று கேட்டால் வழி காட்டுவார்கள்.

நம் ஊரில் இந்த வேலைக்குத் தேவை அதிகம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைவெளியில் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பழுதுபார்த்துப் பழுதுபார்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. அதனுடன் கடலும் சேர்கிறது. இருபுறமும் கடல் சூழ்ந்த நிலமுனையில் அமைந்த நகரம் இது. வாடைக் காலத்தில் கரையோர வீதியில் நிறுத்திவைத்த வண்டியின் மேல் காலையில் உப்புப் படிந்திருப்பதை விரலால் தொட்டே அறியலாம். கம்பனிச் சைலன்சரின் அடிப்பக்கம் கறள் பிடித்து ஓட்டையாகிய பின்னர், புதிய அசல் பாகத்தின் விலையைக் கேட்டுவிட்டு வெளிச் சந்தைச் சைலன்சர் வாங்குகிறவர்கள்தான் அந்தக் கராஜில் நான் கண்டவர்களில் பெரும்பாலோர். சத்தத்துக்காக மாற்றுகிறவர்கள் குறைவு.

முதலில் நான் வாங்கிய பிராக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே வகைப் பொருள்தான் பல கடைகளிலும் தொங்குகிறது. தகட்டின் தடிப்பு 3 மில்லிமீற்றர். வளைவு மிகக் கூர்மையாக மடிக்கப்பட்டிருந்தது. நடுக்கம் தாங்கும் தகட்டில் வெடிப்பு முதலில் தோன்றும் இடம் அத்தகைய கூர்மையான மடிப்புத்தான். துளைகள் வட்டமாக இருந்தன, ஆகவே முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்ய இடமில்லை. எல்லாவற்றிலும் பெரிய குறை, நடுக்கத்தை வாங்கப் போல்டைச் சுற்றிப் போடும் ரப்பர் வளையமான புஷ்ஷுக்கு நடுவில் இருக்க வேண்டிய உருக்குக் குழல் தரப்படவில்லை. அந்தக் குழல் இருந்தால் போல்டின் இறுக்கம் முழுவதும் குழலின் மேல் விழும், சுற்றியுள்ள ரப்பர் நசுங்காமல் தன் மென்மையுடன் இருக்கும். குழல் இல்லாதபோது போல்டை இறுக்கினால் ரப்பர் பிதுங்கித் தட்டையாகிக் கல்லைப்போல் இறுகிவிடுகிறது. இறுக்காமல் விட்டால் நட் தானே கழன்று வீதியில் விழுகிறது. ஒரு சிறு குழலை மிச்சப்படுத்துவதற்காக முழுப் பொருளையும் பயனற்றதாக்கி விற்பது எனக்கு உண்மையாகவே கோபத்தைத் தருகிறது.

பிராக்கெட் சற்றுக் கோணலாக இருந்தால் என்ன, போல்டை இழுத்து இறுக்கினால் வந்து ஒட்டிக்கொள்ளும்தானே என்று சொல்பவர்கள் உண்டு. ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் அந்த இழுப்பு மறைந்துபோவதில்லை; புகை வெளியேறும் பைப் வழியாக எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டுக்குப் போய் அங்கே நிற்கிறது. ஹெட் அலுமினியத்தால் ஆனது, பைப்பைப் பிடித்திருக்க அதில் பதிந்திருக்கும் தலையில்லாத போல்ட்களான ஸ்டட்கள் மெல்லியவை. எஞ்சின் சூடேறும்போது பைப் நீளுகிறது: ஒரு மீற்றர் நீளமான சாதாரண இரும்புப் பைப்பின் வெப்பநிலை 250 பாகை உயர்ந்தால் அது ஏறக்குறைய 3 மில்லிமீற்றர் நீளும், 304 வகை ஸ்டெயின்லெஸ் என்றால் 4 மில்லிமீற்றருக்கும் சற்று அதிகம். அந்த நீட்சிக்கு இடம்கொடுப்பது ரப்பர் புஷ்ஷின் வேலை. அதோடு நடுக்கமும் உண்டு. நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடும் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினின் பிஸ்டன் ஒரு செக்கனில் 100 தடவை மேலும் கீழும் போய்வருகிறது. ஏற்கெனவே முறுக்கப்பட்ட நிலையில் கட்டப்பட்ட பைப் நாள் முழுவதும் இந்த அதிர்வை வாங்கினால் பைப் மூட்டை அடைக்கும் கேஸ்கட் கசியும், அல்லது பிராக்கெட் வெடிக்கும், அல்லது ஸ்டட் முறியும். ஹெட்டுக்குள் முறிந்த ஸ்டட்டை எடுப்பது லேத் பட்டறைக்குப் போகும் வேலை. என் வண்டிக்கு முன்பு வேறோர் இடத்தில் பொருத்தப்பட்டிருந்த சைலன்சர் இப்படித்தான் கட்டப்பட்டிருந்தது. பிராக்கெட் போல்டைக் கழற்றியவுடன் சைலன்சர் ஒரு விரல் அகலத்துக்கு வெளிப்பக்கம் துள்ளி விலகியதை அன்று அங்கு நின்ற எல்லோரும் பார்த்தோம்.

அதைக் கண்டதும் கராஜ் உரிமையாளர் சொன்னார்: "தம்பி, பைப்பை இழுத்துக்கொண்டுபோய் பிராக்கெட்டில கட்டியிருக்கிறாங்க. பிராக்கெட்டைத்தான் பைப்புக்குக் கொண்டு வர வேணும்." அவருடைய வேலை முழுவதும் இந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கிறது. அந்த முறையைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன்.

அவர்கள் பிராக்கெட்டைத் தொடுவதற்கு முன்னர் எஞ்சின் பக்கத்திலிருந்து தொடங்கினார்கள். ஸ்டட்களுக்கு முதல்நாளே கறள் இளக்கும் ஒயில் விடச் சொல்லியிருந்தார்கள். புகைவாயிலுக்குள் ஒட்டிக்கிடந்த பழைய கேஸ்கட் வளையத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியதை வைத்தார்கள். பழையதன் மேல் புதியதைப் போட்டால் பைப்பின் வாய் நேராக உட்காராது என்பது பலர் கவனிக்காத விடயம். பிறகு பைப்பின் கழுத்து நட்களைக் கையால் மட்டும் ஓட்டி, சைலன்சரைப் பைப்புடன் செருகி, இரண்டையும் கவ்வும் கிளாம்பைத் தளர்வாகவே விட்டு, சைலன்சரின் அடியில் மரக்கட்டைகளை அடுக்கி அதை இருக்க வேண்டிய உயரத்தில் நிறுத்தினார்கள். வண்டியின் பின்னால் குந்தியிருந்து கண்ணால் பார்த்ததோடு நிற்காமல், டயரின் பக்கத்திலிருந்து சைலன்சரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தை அளவுநாடாவால் அளந்தார்கள். அதன் பின்னர் கழுத்து நட்கள் இரண்டையும் மாறி மாறி, ஒவ்வொன்றும் அரைச் சுற்றாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ஸ்பனரால் முடித்தார்கள். இத்தகைய இடங்களில் 6 மில்லிமீற்றர் போல்டுக்கு ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றரும், 8 மில்லிமீற்றர் போல்டுக்கு 20 முதல் 25 வரையும் பொதுவாகக் கொள்ளப்படும் அளவுகள். அந்தந்த வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதுவே முடிவானது. நம் ஊரின் சிறிய கராஜ் ஒன்றில் டோர்க் ஸ்பனரைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிடாமல் கையில் எடுத்து வேலை செய்வதைக் கண்டது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பிராக்கெட்டின் முறை அதற்குப் பிறகுதான் வந்தது. சைலன்சர் கட்டையின் மேல் தன் இயல்பான இடத்தில் இருக்க, அதில் போல்ட் போகும் துளையுள்ள தகடான காதுக்கும் பின் கால்மிதிச் சட்டத்துக்கும் இடையிலுள்ள வெளியை மட்டையில் வரைந்து வெட்டி, அந்த மட்டையை 5 மில்லிமீற்றர் தகட்டின் மேல் வைத்துப் புதிய பிராக்கெட்டை வெட்டினார்கள். மடிப்பைச் சூடாக்கி வட்டமாக வளைத்தார்கள். ஒரு பக்கத்தில் வட்டத் துளையும், மறுபக்கத்தில் நீள்துளையும் இட்டார்கள். குழல் கொண்ட புஷ் ஒன்றைத் தேடிப் போட்டார்கள். வெல்டிங் வேண்டிய சிறு பகுதியை வண்டியிலிருந்து கழற்றியே செய்தார்கள். வண்டியில் வைத்து வெல்டிங் செய்யத்தான் வேண்டுமென்றால் முதலில் பற்றரியைக் கழற்றிவிடுவதும், பூமிக் கம்பியை வெல்டிங் இடத்துக்கு அருகிலேயே கவ்வுவதும் அங்கு கட்டாய வழக்கம் என்று உரிமையாளர் கூறினார். இறுதியில் போல்ட் விரலால் தள்ளியபோதே இரண்டு துளைகளையும் கடந்து உள்ளே போயிற்று. அதை மீண்டும் உருவிப் பார்த்தபோதும் சைலன்சர் எந்தப் பக்கமும் விலகவில்லை. பிராக்கெட் சரியாக அமைந்ததற்கு இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. எந்தக் கராஜில் வேலை செய்வித்தாலும் இந்த ஒன்றை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்லுங்கள். உறியில் பானை தொங்குவதைப் போல, சைலன்சர் எதன் மேலும் சாயாமலும் இழுபடாமலும் பிராக்கெட்டில் தொங்க வேண்டும்.

கிளாம்பை இறுக்கும்போதும் அதன் போல்ட் கீழ்ப்பக்கம் பார்க்காதவாறு உள்ளே திருப்பினார்கள். கீழே பார்த்தால் வேகத்தடையில் உரசும்.

வண்டி என்ன சுமை ஏற்றும் என்று அவர்கள் கேட்டது எனக்கு எதிர்பாராத கேள்வியாக இருந்தது. அன்று எனக்கு முன்னால் நின்றது ஒரு மீன் வியாபாரியின் வண்டி. பனிக்கட்டியும் மீனும் நிறைந்த பெட்டியைப் பின்னால் ஏற்றினால் பின் ஷொக் அமிழ்ந்து, பின் சில்லைத் தாங்கும் சுவிங் ஆர்ம் மேலே ஏறும். வெறும் வண்டியில் விரலளவு இடைவெளி இருப்பதாகத் தெரிந்தாலும், பாரம் ஏறிப் பள்ளத்தில் இறங்கும்போது சைலன்சரின் உட்பக்கம் சுவிங் ஆர்மையோ பின் பிரேக் கம்பியையோ தொட்டுவிடும். அதனால் அவர்கள் இருவரை வண்டியில் ஏற்றி அமுக்கிப் பார்த்துத்தான் இடைவெளியை உறுதிசெய்கிறார்கள். பிரேக் பெடல் முழுமையாக இறங்குகிறதா, பின்னால் இருப்பவரின் குதிக்கால் சூட்டில் படுமா என்பவற்றையும் அப்போதே பார்த்துவிடுகிறார்கள். நடு ஸ்டாண்டின் கதை வேறு. பல வண்டிகளில் ஸ்டாண்ட் மேலே மடிந்ததும் வந்து முட்டி நிற்கும் ரப்பர், கம்பனிச் சைலன்சரிலேயே பொருத்தப்பட்டிருக்கும். வெளிச் சைலன்சரில் அது இல்லாவிட்டால் ஸ்டாண்ட் அளவுக்கு மேல் ஏறிச் செயினிலோ சுவிங் ஆர்மிலோ முட்டும். எனக்கு அந்த முட்டுக்கட்டையைச் சட்டத்தில் தனியாக அமைத்துத் தந்தார்கள்.

போல்ட்களைப் பற்றி அவர்களுடன் எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு. கடற்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ்தான் நல்லது என்று எல்லா இடத்திலும் அதையே போடுகிறார்கள். பிராக்கெட்டுக்கு அது சரி. ஆனால் ஸ்டெயின்லெஸ் நட்டை ஸ்டெயின்லெஸ் போல்டில் காய்ந்த நிலையில் இறுக்கினால் புரிகள் ஒன்றையொன்று கவ்விச் சிக்கிக்கொள்ளும். அலுமினியத்துக்குள் அதைப் போட்டால் உப்பீரம் சேர்ந்து அலுமினியத்தை அரிக்கும். இரண்டு இடத்திலும் புரிகள் சிக்காமல் காக்கும் கிறீஸ் பூசுவது அவசியம். நான் கேட்ட பிறகே பூசினார்கள். கடைக்காரர் ஸ்டெயின்லெஸ் என்று தரும் தகட்டைக் காந்தம் வைத்துச் சோதிப்பதும் முழுமையான வழியல்ல. மலிவான 202 வகையும் 304 ஐப் போலவே காந்தத்தில் பெரும்பாலும் ஒட்டாது; ஆனால் கடற்கரையில் விரைவில் புள்ளி புள்ளியாகக் கறள் காட்டிவிடும்.

எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் இயக்கி, தடித்த துணியால் சைலன்சரின் வாயைச் சிறிது நேரம் மூடி, மூட்டுகளில் சவர்க்கார நீர் தெளித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தார்கள். வரவில்லை. பிறகு நிலாவெளி வீதி வழியே இறக்கக்கண்டிப் பாலம் வரை ஓட்டிவந்தேன். வேகத்தைக் குறைக்கும்போது முன்பு கேட்ட படபடவென்ற வெடிப்பொலி இப்போது இல்லை, கால்மிதியில் இருந்த நடுக்கமும் தெளிவாகக் குறைந்துவிட்டது. சில நாட்கள் ஓட்டிய பின்னர், எஞ்சின் நன்றாக ஆறியிருக்கும் காலை வேளையில் வந்து நட்களை மீண்டும் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

குறைகளும் உண்டு. கராஜுக்குள் வெளிச்சம் போதாது. நேரம் குறித்துச் சொன்னால் அதைக் காப்பதில்லை. காலையில் விட்ட வண்டி மாலையில்தான் கிடைக்கும், வெல்டிங் வேலை வரிசையாக நின்றால் மறுநாளாகும். எழுத்தில் பற்றுச்சீட்டுத் தருவதில்லை. பிராக்கெட்டின் விளிம்புகளை அரத்தால் தேய்த்தது போதாது, பூசிய கறுப்புப் பெயின்ட் சூடு தாங்கும் வகையைச் சேர்ந்ததல்ல. அதை நானே சுரண்டிவிட்டு வேறு பூசினேன். கட்டணம், கடையில் விற்கும் ஆயத்தப் பிராக்கெட்டின் விலையைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு வரும். வேலையின் தரத்தைப் பார்க்கும்போது அது நியாயமானது என்றே கருதுகிறேன்.

இன்னொன்றையும் போகிறவர்கள் அறிந்துகொள்வது நல்லது. சத்தம் கூட்டுவதற்காகச் சைலன்சரின் உட்குழலைக் கழற்றித் தரச் சொன்னால் இவர்கள் மறுத்துவிடுகிறார்கள், அந்த மறுப்பு சரியானது. பொலிசார் வீதியில் மறிப்பது ஒருபுறமிருக்க, வைத்தியசாலைக்கும் பாடசாலைகளுக்கும் அருகால் போகும் வீதிகளில்தான் நாம் தினமும் ஓடுகிறோம். வேலைக்குப் போகும்போது உங்கள் கம்பனிச் சைலன்சரையும், அதன் புஷ், குழல், போல்ட் ஆகியவற்றையும் கையோடு கொண்டு செல்லுங்கள். பழைய குழல் நல்ல நிலையில் இருந்தால் அதையே புதிய புஷ்ஷுக்குள் போட்டுத் தருவார்கள், சைலன்சரின் காது இருக்க வேண்டிய உயரத்தையும் பழையதைப் பக்கத்தில் வைத்தே அளப்பார்கள். ஓட்டை சிறிதாக இருந்தால் அந்தப் பழைய சைலன்சரையே ஒட்டித் தர முடியுமா என்றும் முதலில் கேட்டுப் பாருங்கள். முடியுமென்றால், புதியது விற்பதற்கு முயலாமல் முடியும் என்றே சொல்வார்கள்.