பழைய காருக்குப் புது செட்: கொடைக்கானல் பாதைக்கு எது சரி?

கொடைக்கானலுக்குப் பக்கத்துப் பெருமாள்மலையில் மழைக்காலக் காலையில் காரைத் திறந்தால் கண்ணாடியின் உட்பக்கம் முழுக்க வியர்த்திருக்கும். அந்த ஈரம் பாட்டு செட்டுக்குள் இருக்கும் சிடி லென்ஸையும் விடாது. எங்கள் 2009 ஐ10-இல் கம்பெனி செட் முதலில் காலை நேரத்தில் மட்டும் சிடியைப் படிக்காமல் இருந்தது. அப்புறம் எப்போதுமே படிக்கவில்லை. ஆனால் ரேடியோ கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. அதனால் மாற்றுவதா வேண்டாமா என்று ஒரு வருஷம் ஓடிவிட்டது.

கண்முன்னே மூன்று வழிகள் இருந்தன. பழைய செட்டை அப்படியே வைத்துக்கொண்டு சிகரெட் லைட்டரில் செருகும் ப்ளூடூத் எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் வாங்குவது ஒன்று. சத்தம் கூட்டிக் குறைக்கத் திருகு வைத்த, உயரம் குறைந்த சிங்கிள் டின் செட் போடுவது இன்னொன்று. மூன்றாவது, இப்போது எல்லாரும் போடும் பெரிய ஆண்ட்ராய்டு திரை.

டிரான்ஸ்மிட்டர்தான் மலிவு, சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். செல்போன் பாட்டை எஃப்எம் அலையாக்கி, காலியாக இருக்கும் ஓர் அலைவரிசையில் பழைய ரேடியோவுக்கு அனுப்பும். சமவெளியில் குறை சொல்ல முடியாது. மலையில்தான் தொல்லை. எஃப்எம் அலை நேர்கோட்டில் போகும். சமவெளியைப் பார்த்த வளைவில் நிற்கும்போது கீழே மதுரை, திண்டுக்கல் பக்கத்து நிலையங்கள் எல்லாம் தடையில்லாமல் வந்து சேரும். அடுத்த வளைவில் மலை மறைத்ததும் காணாமல் போகும். அதனால் வத்தலக்குண்டில் காலியாக இருந்த அலைவரிசையில் பாதி மலை ஏறுவதற்குள் வேறு யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். கொண்டை ஊசி வளைவில் அலைவரிசை மாற்றிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் செட்டில் செல்போனை ஒயரில் இணைக்கும் ஆக்ஸ் துளை நன்றாக இருந்தால் டிரான்ஸ்மிட்டரை மறந்துவிட்டு ஒரு ஒயர் வாங்கிச் செருகுங்கள், ஒலி பல மடங்கு சுத்தமாக இருக்கும். எங்கள் செட்டில் அந்தத் துளை தளர்ந்துபோய் ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும்தான் பேசியது.

ஆண்ட்ராய்டு திரையை என் மச்சான் வண்டியில் பல மாதம் பார்த்தேன். அதில் எனக்குப் பிடித்தது பின்பக்க கேமரா. சரிவான சந்தில் வண்டியைப் பின்னுக்கு எடுப்பவர்களுக்கு அது ஆடம்பரமே இல்லை. ஆனால் சாவியைத் திருப்பியதும் செட் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். அந்தத் தாமதம் வேண்டாம் என்று தூக்க நிலையிலேயே விட்டுவைத்தால் நிறுத்தியிருக்கும்போதும் கரன்ட் இழுக்கும். குளிரில் பேட்டரியின் பலம் எப்படியும் குறையும். வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் பழைய வண்டி என்றால் திங்கட்கிழமை தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டியிருக்கும். மன்னவனூர்ப் பக்கம் போனால் செல்போன் சிக்னல் விட்டுவிட்டு வருவதால், முன்கூட்டியே இறக்கி வைக்காத மேப்பும் கைகொடுக்காது.

இதைவிடப் பெரிய விஷயம், இரவு மூடுபனியில் அந்த வெளிச்சம். வெளியே பத்தடி தூரம் தெரியாத நேரத்தில் உள்ளே பளீரென்று ஒரு திரை இருந்தால் கண் வெளியே பழகவே பழகாது. ஹெட்லைட் போட்டால் திரை தானாக மங்குவதற்கென்று ஆரஞ்சு ஒயர் ஒன்று இருக்கிறது. மச்சான் வண்டியில் அதை யாரும் இணைக்கவே இல்லை. சொல்லி மாட்டச் சொன்ன பிறகுதான் இரவில் அவரோடு நிம்மதியாக உட்கார முடிந்தது.

நான் எடுத்தது சிங்கிள் டின். நான்கைந்தாயிரம் ரூபாய்க்குள் யூஎஸ்பி, ப்ளூடூத், ரேடியோ மூன்றும் கிடைத்துவிட்டன. சிடி பகுதி இல்லாததால் ஈரம் பிடிக்க லென்ஸும் இல்லை. சிங்கிள் டின் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம், டபுள் டின் அதே அகலத்தில் 100 மி.மீ. உயரம். ஐ10-இல் கம்பெனி செட் டேஷ்போர்டோடு ஒட்டிய வடிவம் என்பதால் அந்த மாடலுக்கான ஃப்ரேம் தனியாக வாங்க வேண்டும். மிஞ்சும் இடம் செல்போன் வைக்கும் தட்டாகிவிடுகிறது. எல்லாவற்றையும் விட அந்தத் திருகுக்காகத்தான் இதை எடுத்தேன். வளைவில் எதிரே பஸ் ஹாரன் கேட்கிற மாதிரி இருந்தால், கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் சத்தத்தைக் குறைக்கலாம். ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்க வேண்டிய பாதையில் அது எனக்குக் கேமராவைவிட முக்கியம்.

ஆனால் மாட்டிக்கொண்டு வந்த முதல் நாளே மனசு உடைந்துவிட்டது. கோடை பண்பலை 100.5 கொடைக்கானலிலிருந்தே ஒலிபரப்பாகிறது, தென் தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் கேட்கிறது, எங்கள் வண்டியில் மட்டும் இரைச்சல். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கையை நீட்டி ரேடியோவை அணைத்துவிட்டார். செட்டில்தான் கோளாறு என்று நினைத்தேன். விஷயம் வேறு. கூரையில் இருக்கும் குட்டி ஆண்டெனாவுக்குள் ஒரு சின்ன ஆம்பிளிஃபயர் இருக்கிறது. புது செட்டின் நீல ஒயர்தான் அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். மாட்டிய கடையில் அதை டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டிருந்தார்கள். அதை இணைத்ததும் 100.5 பழையபடி வந்தது. மஞ்சள் ஒயரையும் சிவப்பு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிடும் கடைகளும் உண்டு. மஞ்சள் எப்போதும் கரன்ட் இருக்க வேண்டியது, சிவப்பு சாவியைத் திருப்பினால் மட்டும். இரண்டையும் சேர்த்தால் செட்டை அணைக்க மறந்த இரவில் பேட்டரி காலி. கம்பெனி ஒயரை வெட்ட விடாதீர்கள். ஒயரை வெட்டாமல் செருகி இணைக்க உங்கள் மாடலுக்கான கப்ளர் கேட்டு வாங்குங்கள், பின்னால் பழைய செட்டைத் திரும்ப மாட்டவும் முடியும்.

பெட்டியின் மேல் 50 வாட் × 4 என்று போட்டிருப்பதைப் பார்த்து இரண்டு செட்டை ஒப்பிட வேண்டாம். இஞ்சின் ஓடும்போது கிடைக்கும் 14.4 வோல்ட்டில் 4 ஓம் ஸ்பீக்கருக்குச் சுத்தமாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படியே 25 வாட்டைச் சுற்றித்தான். மிச்சக் காசுக்கு முன்கதவு ஸ்பீக்கர் இரண்டையும் மாற்றுங்கள். பதினைந்து வருஷக் காகிதக் கூம்பு இந்த ஈரத்தில் பெரும்பாலும் நைந்துபோயிருக்கும்.

கடையில் பணம் கொடுக்கும் முன் ஹெட்லைட்டைப் போட்டு செட்டின் விளக்கு மங்குகிறதா பாருங்கள். சாவியை எடுத்துவிட்டு மறுபடி போட்டு, வைத்த நிலையங்கள் நினைவில் இருக்கின்றனவா பாருங்கள். அப்புறம் வண்டியைத் தெருவுக்கு எடுத்து 100.5 வையுங்கள்.