கைமாறிய சுவிஸ் மணிக்கூடுகள்: கொழும்பில் எதை வாங்கலாம்

கொள்ளுப்பிட்டிக் காட்சியறையானாலும் புறக்கோட்டைச் சந்தானாலும், சுவிஸ் மணிக்கூடு காட்டுகிறவர் வாயில் முதலில் வருவது அது பிறந்த ஆண்டுதான். ஃபாவ்ர் லூபா 1737, டிசோ 1853, ஸெனித் 1865. ஆண்டுகள் எல்லாம் சரி. ஆறு வருஷம் கழித்து மெஷின் நின்றுபோனால் அந்த ஆண்டைக் காட்டி ஒரு பல்சக்கரம்கூட வாங்க ஏலாது. பெயரை இப்போது வைத்திருக்கும் கொம்பனி எது, அது பாகங்களை வெளியே கொடுக்கிறதா, கொழும்பில் திருத்துகிறவர் கைக்கு அவை வந்து சேருமா என்றுதான் கேட்கவேண்டும். அந்தக் கணக்கில் சில பெயர்களை இங்கே எடைபோடுகிறோம்.

முதலில் யாரிடம் எது இருக்கிறது என்று பார்ப்போம். ஒமேகா, லோஞ்ஜீன், டிசோ, ராடோ, செர்டினா, மீடோ எல்லாம் ஸ்வாட்ச் குழுமம். 1992இல் பிளாங்பான், 1999இல் ப்ரெகே என்று மேல்தட்டுப் பெயர்களும் அதற்குள் போயின. ரிஷ்மொன் 1996இல் வஷரோன் கொன்ஸ்டன்டானை வாங்கியது. 2000இல் ஐ.டபிள்யூ.சி., ஜேஜர் லெகூல்ட்ர், லாங்கே மூன்றையும் ஒன்றாக அள்ளிக்கொண்டது. எல்.வி.எம்.எச். 1999இல் டாக் ஹாயர், ஸெனித், எபெல் மூன்றையும் பிடித்தது, 2008இல் ஊப்லோவையும். வாசனைத் திரவியமும் கைப்பையும் விற்கும் குழுமங்களுக்கு மணிக்கூடு இன்னொரு கண்ணாடி அலுமாரி. ஸ்வாட்ச் மட்டும் வேறு சாதி, அது வெளியாருக்கும் சேர்த்து மெஷின் செய்துவந்த குழுமம். கொழும்பில் வாங்குகிறவரைத் தொடும் சங்கதி பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

சுவிஸ் மணிக்கூடுகளில் பெருவாரியாக ஓடிய மெஷின்கள் ஈ.டி.ஏ. என்ற தொழிற்சாலையுடையவை. அது எட்டெர்னா கொம்பனியின் மெஷின் பிரிவாய் இருந்து 1932இல் பிரிந்துபோனது. 1983இல் இரண்டு பெரிய கூட்டு நிறுவனங்கள் இணைந்து பிறந்த குழுமத்துக்குள் வந்தது, 1998இல் அந்தக் குழுமம் ஸ்வாட்ச் என்று பெயர் மாற்றிக்கொண்டது. தாய்க் கொம்பனி எட்டெர்னாவோ கை மேல் கை மாறி 2011இல் ஒரு சீனக் குழுமத்திடம் போய்ச் சேர்ந்தது. 2002இல் ஸ்வாட்ச், வெளியாருக்கு மெஷின் கொடுப்பதைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. 2015 முடிவோடு மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப்பாகம் கொடுப்பதையும் நிறுத்தியது. சொந்தமாய் ஒரு மேசையும் ஒரு லென்ஸும் வைத்திருக்கும் திருத்துநருக்கு அதற்குப் பிறகு மூன்று வழிதான்: பழைய இருப்பு, கழித்த மெஷினிலிருந்து பிடுங்கிய பாகம், அல்லது செலிட்டா என்ற இன்னொரு சுவிஸ் தொழிற்சாலையும் மற்றவர்களும் செய்யும் அதே அளவுப் பாகம்.

இதை மனதில் வைத்துக்கொண்டு டிசோவைப் பார்த்தால் படம் தெளிவாகும். காலி வீதியில் அதிகம் விலைபோகும் சுவிஸ் ஓட்டோமட்டிக்கில் ஒன்று டிசோ பி.ஆர்.எக்ஸ். உள்ளே பவர்மட்டிக் 80 என்ற மெஷின். பழைய ஈ.டி.ஏ. 2824-2 மெஷினைத்தான் குழுமம் தன் பெயர்களுக்கென்று மாற்றிச் செய்தது. பலன்ஸ் என்ற ஆடும் சக்கரம் மணிக்கு 28,800 தரம் அடித்ததை 21,600 ஆகக் குறைத்தார்கள், பீப்பாயின் நடு அச்சை மெலிதாக்கி நீளமான மெயின் ஸ்பிரிங்கைச் சுருட்டி வைத்தார்கள். அதனால் முழுச் சாவியில் 38 மணிநேரம் ஓடியது 80 மணிநேரம் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கழற்றி வைத்தால் திங்கட்கிழமை காலையும் ஓடிக்கொண்டிருக்கும், இது மெய்யான வசதி. பி.ஆர்.எக்ஸில் வரும் நிவக்ரோன் என்ற உலோகக் கலவை ஹெயார் ஸ்பிரிங் (பலன்ஸை ஆட்டும் மெல்லிய சுருள்) காந்தத்தையும் நன்றாகத் தாங்கும். காந்த மூடி போட்ட கைபேசி உறைகள் பெருத்துவிட்ட காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

குறையும் அதே மெஷினில்தான் இருக்கிறது. 2824-2இல் பலன்ஸுக்கு மேல் ஒரு சின்ன நெம்பு உண்டு. நாளைக்குப் பதினைந்து செக்கன் கூட ஓடினால், பின்மூடியைத் திறந்து அதை ஒரு மயிரிழை தள்ளினால் சரி. பவர்மட்டிக்கில் அந்த நெம்பே இல்லை. தொழிற்சாலையில் பலன்ஸின் எடையைச் சரிசெய்து விடுகிறார்கள், பிறகு வேகத்தைத் தொடுவதற்குத் தனிக் கருவி வேண்டும். போதாக்குறைக்கு, பி.ஆர்.எக்ஸ் போன்ற விலைகுறைந்த வகைகளில் பலன்ஸுக்கு உந்தல் கொடுக்கும் எஸ்கேப் சக்கரமும் பலட் கவையும் செயற்கைப் பொருளால் ஆனவை. தேய்ந்தால் தீட்டிச் சரிசெய்ய ஏலாது, மாற்றத்தான் வேண்டும், அந்தப் பாகம் சந்தையில் கிடைக்காது. முகவரின் சேவை நிலையத்துக்குப் போனால் முழு மெஷினையே மாற்றித்தருவது வழக்கம். வொரண்டி உள்ளவரை இது நல்ல ஏற்பாடு, முடிந்தபின் செலவு. பி.ஆர்.எக்ஸ் 40இன் செயின் கேசோடு சேர்ந்தது, பட்டி நுழையும் இடம் 12 மில்லிமீற்றர்தான். வெள்ளவத்தைக் கடையில் தொங்கும் சாதாரணத் தோல் பட்டி எதுவும் பொருந்தாது என்பதையும் வாங்கும்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

ஆகவே டிசோவே வேண்டும், பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டும் என்றால், பாவித்த பழைய லு லொக்ல் வரிசை மணிக்கூடு ஒன்றைத் தேடுவது புத்திசாலித்தனம். டயலில் பவர்மட்டிக் 80 என்று எழுதியிராத, வெறும் ஓட்டோமட்டிக் என்று மட்டும் இருக்கும் வகை. அதற்குள் இருப்பது 2824-2. புறக்கோட்டையில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், செலிட்டா பாகங்கள் பலதும் அதில் அமரும். கையில் எடுத்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சாவியை (பக்கத்துக் குமிழை) மெதுவாகச் சுற்றும்போது பின்பக்கத்து ரோட்டரை, அதாவது கை அசைவில் சுழன்று சாவி கொடுக்கும் எடைத்தகட்டைக் கவனியுங்கள். ரோட்டரும் சேர்ந்து சுழன்றால் அதன் சுழற்சியை ஒரே திசையாக்கும் ரிவர்சர் சக்கரங்களில் எண்ணெய் காய்ந்து ஒட்டிவிட்டது என்று பொருள். கழுவி எண்ணெயிட்டால் போகும் வருத்தம்தான், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள். பிறகு டைம்கிராஃபரில் (டிக் ஓசையைக் கேட்டு மெஷினை அளக்கும் கருவி) வைக்கச் சொல்லுங்கள். லிஃப்ட் கோணம் என்று கருவியில் கொடுக்கும் அளவை இந்த மெஷினுக்கு 50 பாகையில் வைத்து, டயல் மேல்நோக்கிய நிலையில் அம்ப்ளிடியூட், அதாவது பலன்ஸ் ஆடும் கோணம், 270 பாகைக்கு மேல் இருந்தால் திருப்தி. 220க்குக் கீழே போனால் மெஷின் கழுவப்பட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, விற்பவர் என்ன சத்தியம் செய்தாலும் சரி.

ஃப்ரெடெரிக் கொன்ஸ்டன், புது பி.ஆர்.எக்ஸுக்கு நேர்மாறான நல்ல உதாரணம். 1988இல் தொடங்கிய சுயாதீனப் பெயர், 2016இல் ஜப்பானின் சிட்டிசன் வாங்கியது. விற்றபிறகும் அடிப்படை மணிக்கூடுகளில் எஃப்.சி.-303 மெஷின்தான், அதாவது செலிட்டா எஸ்.டபிள்யூ.200. பாகத்துக்கு யாரிடமும் கையேந்தவேண்டியதில்லை. செலிட்டாவுக்கும் ஒரு பலவீனம் உண்டு, ஆரம்பகால மெஷின்களில் சாவி கொடுக்கும் பல்சக்கரத்தின் பற்கள் உடைந்தன. நின்றுபோன மணிக்கூட்டுக்குப் பத்துப் பதினைந்து சுற்று போதும், மிச்சத்தைக் கை அசைவு பார்த்துக்கொள்ளும். தினமும் காலையில் நாற்பது சுற்று கொடுக்கிற பழக்கம் சாவி மணிக்கூட்டுக் காலத்தது. விலைக்கும் திருத்தச் செலவுக்கும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் பட்டியலில் எமது முதல் தெரிவு இதுதான். பெயரில் கவர்ச்சி குறைவு என்று சொல்வார்கள், சொல்லட்டும்.

ஸெனித் பெரிய இடத்து விவகாரம். 1969இன் எல் ப்ரிமேரோ மணிக்கு 36,000 தரம் அடிக்கும் குரொனோகிராஃப், அதாவது நேரத்தை நிறுத்தி அளக்கும் வசதியும் சேர்ந்த மெஷின். 1970களில் அதன் அப்போதைய அமெரிக்க முதலாளிகள் இயந்திரச் செய்கையை நிறுத்தச் சொன்னபோது, சார்ல்ஸ் வெர்மோ என்ற தொழிலாளி கருவிகளையும் வரைபடங்களையும் பரணில் ஒளித்துவைத்தார். அவை இருந்ததால்தான் பின்னர் எபெலுக்கும், 1988 முதல் 2000 வரை ரோலெக்ஸ் டேட்டோனாவுக்கும் மெஷின் கிடைத்தது. எல்.வி.எம்.எச். 1999இல் வந்தபிறகு சில வருஷம் டயலைக் குடைந்து, கேசை வீங்கவைத்து, ஆளைத் தெரியாமல் ஆக்கிவிட்டார்கள். 2001 தொடக்கம் 2009 வரை வந்த அந்த ஆடம்பர வடிவங்களைக் குறைந்த விலைக்குக் கொடுத்தாலும் யோசியுங்கள். பிறகு வந்தவை அடக்கமானவை, மெஷினும் கைவிடப்படவில்லை.

கொழும்பில் எல் ப்ரிமேரோவின் சிக்கல் பாகத்தில் மட்டுமில்லை. அந்த வேகத்தில் எஸ்கேப் சக்கரத்தின் எண்ணெய் இடம்பெயர்ந்துவிடும், அதற்கென்று குறித்த மசகு போடாமல் சாதாரண எண்ணெய் தொட்டால் சில மாதங்களில் அம்ப்ளிடியூட் விழுந்துவிடும். திருத்துநரிடம் நேராகவே கேளுங்கள்: 36,000இல் ஓடும் மெஷின் முன்பு கழற்றியிருக்கிறீர்களா, பலட்டுக்கு என்ன மசகு போடுவீர்கள்? பதில் தயங்கி வந்தால் மணிக்கூட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். டைம்கிராஃபரும் 36,000இல் அமைக்கப்பட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

எபெலை வாங்கவே வேண்டாம், கலிபர் 137 என்ற மெஷின் உள்ள குரொனோகிராஃபைச் சொல்கிறோம். அழகான மணிக்கூடு, கையில் தண்ணீர்போல் படியும் செயின், பழைய சந்தையில் விலையும் மலிவு. மலிவுக்குக் காரணம் இருக்கிறது. அதன் மெஷினின் அடிப்படை, லெமானியா என்ற மெஷின் கொம்பனியுடையது. லெமானியா ப்ரெகேயோடு சேர்ந்து 1999இல் ஸ்வாட்ச் குழுமத்துக்குள் போனது. எபெல் அதே வருஷம் எல்.வி.எம்.எச்.க்குப் போய், 2004இல் மொவாடோவுக்குக் கைமாறியது. கலிபர் 137இன் உரிமை 2012இல் யூலிஸ் நார்டானுக்குப் போனது. யூலிஸ் நார்டான் 2014இல் கெரிங் குழுமத்துக்கு விற்கப்பட்டு, 2022இல் நிர்வாகத்தினரே திரும்ப வாங்க வெளியே வந்தது. பெயர் ஓரிடம், அடிமெஷின் வேறிடம், உரிமை மூன்றாமிடம். குரொனோகிராஃபின் ஒரு நெம்பு உடைந்தால் எந்தக் கதவைத் தட்டுவது?

ஃபாவ்ர் லூபா நம் பக்கத்துப் பெயர். பம்பாயில் 1865 முதல் கால்வைத்த வீடு. அப்பப்பாமார் கையில் கட்டிய ஸீ சீஃப், ஸீ கிங் இன்றும் கான் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றிய பழைய சாமான் தட்டுகளில் அகப்படும். 2011இல் டாடாவின் டைட்டன் இதை வாங்கி, 9,000 மீற்றர் உயரம்வரை காட்டும் மலையேறிகளின் மணிக்கூடுகூடச் செய்தது (எங்கள் பிதுருதலாகல 2,524 மீற்றர்தான்). அந்த வழியில் பெயர் நிமிரவில்லை. 2023இல் இந்தியாவின் ஈத்தோஸ் குழுமம் வாங்கி, 2024இல் புது வரிசை இறக்கியது. புதியவை கவனமான வேலை, முகவர் வழியாக வாங்கினால் மட்டும் பரிந்துரைப்போம்.

பழைய ஸீ சீஃபில் கண் வைக்கவேண்டியது டயலில். மறுபூச்சுப் பூசி எழுத்து அச்சடித்தவை ஏராளம். லென்ஸின் கீழ் மூன்றைப் பாருங்கள். எழுத்தின் ஓரம் கசிந்து தடித்திருக்கிறதா? நிமிடக் கோடு ஒவ்வொன்றும் ஒட்டிய மணிக் குறிக்கு நேரே நிற்கிறதா? ஆறு மணிக்குக் கீழே விளிம்பில் சுவிஸ் முத்திரை வரி மறைந்துபோயிருக்கிறதா? ஊதாவும் பச்சையுமாய் மின்னும் டயல் பெரும்பாலும் அண்மைக்காலப் பூச்சு. ட்வின் பவர் என்று டயலில் எழுதியிருந்தால் உள்ளே இரண்டு பீப்பாய் இருக்கவேண்டும். பின்மூடியைத் திறக்க மறுக்கும் கடையில் வாங்கவேண்டாம்.

எதை வாங்கினாலும் கொழும்பின் கடல்காற்றும் வியர்வையும் ரப்பர் வளையத்தைச் சீக்கிரம் தின்னும். பின்மூடி, சாவி இரண்டின் வளையங்களையும் இரண்டு வருஷத்துக்கொருமுறை மாற்றி, சிலிக்கோன் கிரீஸ் தடவி, காற்றழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். 50 மீற்றர் என்று எழுதியிருப்பது புது வளையத்துக்குரிய கணக்கு.

வெளிநாட்டுக்கு அனுப்பித்தான் திருத்தவேண்டும் என்றால், போகும்போதே வரிசை எண்ணோடு சுங்கத்தில் பதிவு செய்து அனுப்புங்கள். அந்தக் காகிதம் இல்லாமல் திரும்பி வந்தால் புதுச் சாமானுக்குரிய வரி கேட்கப்படலாம், நீங்கள் பத்து வருஷம் கட்டிய மணிக்கூட்டுக்கே. கடையின் பற்றுச்சீட்டிலும் வரிசை எண் எழுதியிருக்கவேண்டும், மொடல் பெயர் மட்டும் போதாது.