பந்தியா, பஃபேயா, வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவதா?

தை பிறந்துவிட்டால் வண்ணாரப்பேட்டையிலும் பெரம்பூரிலும் மண்டபங்களுக்கு ஓய்வு கிடையாது. வாரத்துக்கு ஒரு ரிசப்ஷன், நடுவில் ஒரு காதுகுத்து, ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு என்று பத்திரிகைகள் வந்துகொண்டே இருக்கும். வீட்டில் அளவு பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் தடுமாறுவது இந்த மாதங்களில்தான். அவர்களுக்கு மூன்று வழி இருக்கிறது: வீட்டிலேயே சாப்பிட்டு முடித்துப் போய் மொய் மட்டும் வைப்பது, பஃபேயில் வேண்டியதை எடுத்துக்கொள்வது, பந்தியில் இலை முன் உட்காருவது. நான் பந்தியின் பக்கம். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீட்டில் சாப்பிட்டுப் போகும் வழி கேட்க நன்றாக இருக்கும், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் செல்லாது. கை நனைக்காமல் கிளம்பினால் அது மனஸ்தாபத்தில் போய் நிற்கும். "இன்னாப்பா, சாப்டாமகூட போறியா?" என்று பெண்ணின் சித்தப்பா தோளைப் பிடித்துப் பந்திக்குக் கூட்டிப்போய்விடுவார். வீட்டில் தின்ற நாலு இட்லியோடு மண்டபத்து முழு இலையும் சேர்ந்து இரட்டைச் சாப்பாடாகிவிடும். ஆபீஸ் நண்பரின் ரிசப்ஷனுக்கு மட்டும் இது சரிவரும்.

ஆனால் அந்த வழியில் பாதியை எடுத்துக்கொள்ளலாம். பத்திரிகையில் மாலை 7 மணி என்று போட்டிருந்தாலும், மேடை வரிசையில் நின்று போட்டோ எடுத்து இலை முன் உட்கார 9 மணிக்கு மேல் ஆகிவிடும். மதியச் சாப்பாட்டிலிருந்து எட்டு மணி நேரம் காய்ந்த வயிறு, இலையில் முதலில் விழும் ஜாங்கிரியை விடாது. அதனால் 6 மணிக்கே ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிட்டு, ஒரு டம்ளர் மோரும் குடித்துவிட்டுக் கிளம்புங்கள். இட்லி, தோசை வேண்டாம்; அந்த மாவுச்சத்து மண்டபத்தில் எப்படியும் காத்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் வழக்கமான நேரத்துக்கு மருந்தை எடுத்து, சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். விசேஷ நாளில் எப்போது எடுப்பது என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பஃபேக்கு உள்ள நல்ல பேர், கரண்டி நம் கையில் இருக்கிறது என்பது. உண்மைதான், வேண்டாததை யாரும் தட்டில் தள்ள மாட்டார்கள். ஆனால் பஃபேயில் சாப்பாடு எப்போது முடிகிறது? வாசலில் ஜூஸ், உள்ளே பானிபூரி, அப்புறம் நான், பனீர், திரும்பினால் சுடச்சுட தோசை, கிளம்பும்போது ஐஸ்கிரீம். ஒவ்வொன்றும் கொஞ்சம்தான். நின்றபடி பேசிக்கொண்டே தின்றது கணக்கில் ஏறாது. பழைய தட்டைத் தொட்டியில் போட்டுப் புதுத் தட்டை எடுத்ததும், அதுவரை தின்றதற்குக் கண்ணெதிரே ஒரு தடயமும் இல்லை.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் தீர்மானமாகிறது. பந்திக்கு முடிவு உண்டு. எச்சில் இலையைப் பார்த்தாலே எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்று தெரியும். நாற்காலிக்குப் பின்னால் அடுத்த பந்திக்காரர் நின்றுகொண்டிருப்பார், அதற்கு மேல் உட்கார்ந்திருக்கவும் முடியாது. இலையை மூடிவிட்டால் யாரும் மறுபடி திறக்கச் சொல்வதில்லை. எவ்வளவு வற்புறுத்துகிற அத்தையாக இருந்தாலும் அங்கே விட்டுவிடுவார். மன உறுதியை நம்பி நிற்கிற எந்த ஏற்பாடும் முதல் சில விசேஷங்களோடு தளர்ந்துவிடும். இலை மூடுவதற்கு மன உறுதி தேவையில்லை, அது ஊர் வழக்கம். ஒரு முகூர்த்த சீசன் முழுக்கத் தாங்குவது இதுதான்.

அடுத்தது வரிசை. முகூர்த்தச் சாப்பாட்டில் சாதம் வருவதற்கு முன்பே பச்சடி, கூட்டு, பொரியல் இலையில் உட்கார்ந்துவிடும். காயையும் பருப்பையும் முதலில் சாப்பிட்டு மாவுச்சத்தைப் பின்னால் எடுத்தால், அதே சாப்பாட்டுக்கு ரத்தச் சர்க்கரை ஏறுவது குறையும். நார்ச்சத்தும் புரதமும் வயிறு காலியாகும் வேகத்தைக் குறைப்பதுதான் காரணம். ஆகவே சாதம் வருவதற்குள் கூட்டையும் பொரியலையும் முடித்து, இன்னொரு முறை கேட்டு வாங்குங்கள். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதலும் தட்டில் பாதி காய், கீரை, பழம் என்றுதான் சொல்கிறது. இதற்கு முதல் இரண்டு பந்திக்குள் உட்கார வேண்டும். கடைசிப் பந்திக்குப் பொரியல் தீர்ந்து, சாதமும் அப்பளமும் ரசமும்தான் மிஞ்சியிருக்கும்.

பந்தியில் சறுக்கும் இடம் பரிமாறுகிறவரின் வேகம். ஒரு கையில் பக்கெட், மறு கையில் கரண்டி; கண் அடுத்த இலையில் இருக்கும், கை உங்கள் இலையில் கொட்டிக்கொண்டிருக்கும். வாயால் 'போதும்' என்பது கொட்டிய பிறகுதான் அவர் காதில் விழும். அவர் இரண்டு இலை தள்ளி வரும்போதே உள்ளங்கையை இலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் விரித்துவிடுங்கள். கொஞ்சம் வேண்டுமென்றால் "அரைக் கரண்டி, அண்ணே" என்று அளவாகச் சொல்லுங்கள்; 'கொஞ்சம்' என்றால் அவருக்கு ஒரு கரண்டி. இலையில் விழுந்ததை வீணாக்க மனம் வராது என்பதால், தடுப்பதெல்லாம் விழுவதற்கு முன்புதான். சாம்பார் சாதம் ஒரு முறை, ரசம் சாதம் ஒரு முறை, அதோடு நேரே மோருக்குப் போய்விடலாம். இனிப்பை மறுக்கத் தேவையில்லை, அதைக் கடைசியில் பாதி தின்றால் போதும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஊறுகாயையும் அப்பளத்தையும் தொடாமல் இருப்பது நல்லது.

ராத்திரி ரிசப்ஷன் பந்தியில் இந்த லாபம் பாதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பூரி, வெஜ் பிரியாணி, கோபி மஞ்சூரியன், இடியாப்பம், தயிர் சாதம் என்று எல்லாமே மாவும் எண்ணெயும். காய் என்று சொல்ல குருமாவும் தயிர் பச்சடியும்தான். மாவு வகையில் ஏதாவது இரண்டை மட்டும் வாங்கிக்கொண்டு மற்றதற்குக் கை விரிப்பதுதான் வழி.

வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் காதுகுத்து என்றால் பிரியாணிதான். மாஸ்டர் ஒரு கிலோ அரிசிக்கு எட்டுப் பேர் என்று கணக்கு வைத்தால், ஒருவர் பங்கு 125 கிராம் அரிசி. அதில் மாவுச்சத்து மட்டும் கிட்டத்தட்ட 100 கிராம். அந்தக் கிலோவுக்கு எண்ணெயும் நெய்யுமாக 200 மில்லி ஊற்றியிருந்தால் தலைக்கு 25 மில்லி, அதாவது 200 கலோரிக்கு மேல். மறுசோறு வாங்கினால் இது இரட்டிப்பாகும். முதலில் முட்டையும் கறித் துண்டுகளும் தயிர் வெங்காயமும், அப்புறம் சோறு. மறுபடி கேட்பதானால் பீஸ் மட்டும் கேளுங்கள். கத்திரிக்காய்த் தொக்கைக் காய்க் கணக்கில் சேர்க்காதீர்கள், அதில் எண்ணெய் மிதக்கும். மண்ணடிப் பக்கம் நாலு பேர் ஒரே சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், சாப்பிடும் விருந்தில் யார் எவ்வளவு தின்றார் என்பது தெரியாது. அங்கே உங்கள் பக்கத்தில் ஒரு கோடு மாதிரி ஒதுக்கிக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவதைத் தவிர வேறு வழி சொல்வதற்கில்லை.

மண்டபத்தில் பஃபே மட்டும்தான் என்றால் அதையே பந்தியாக்கிக்கொள்ளுங்கள். தட்டில்லாமல் ஒரு சுற்று போய் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு காயும் பருப்பும் பாதித் தட்டுக்கு எடுத்து, நாற்காலி தேடி உட்கார்ந்து சாப்பிடுங்கள். அந்தத் தட்டு தொட்டிக்குப் போனதும் கை கழுவிவிடுங்கள்.

கிளம்பும்போது கையில் திணிக்கும் பிரியாணி பார்சலுக்கும் ஒரு கணக்கு வேண்டும். வாங்காமல் வர முடியாது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் தேக்சாவிலிருந்து, அதாவது பிரியாணி செய்த பெரிய பாத்திரத்திலிருந்து எடுத்து, இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்த சோறும் கறியும் நம்பத்தக்கதல்ல. வீட்டுக்கு வந்ததும் சூடாக இருந்தாலும் சின்னச் சின்ன டப்பாக்களில் பரப்பிப் போட்டு உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மதியம் ஒரு டப்பா, ஆவி பறக்கச் சூடாக்கி, வெள்ளரிக்காயும் தயிரும் சேர்த்து.