கடை அறிவிப்பை வைத்து வாசிப்புச் சோதனை: தாள் தேறுமா?

எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெரியவர்களுக்கு இந்த வாசிப்புச் சோதனைத் தாள் நல்ல தொடக்கம். கதைப் பத்திக்குப் பதிலாகத் தள்ளுபடி அறிவிப்பு, பொட்டல லேபிள், ரசீது என்று கொடுத்திருக்கிறார்கள். சின்னப்பிள்ளைப் பாடம் என்ற கூச்சம் வராது.

லேபிள் கேள்விதான் இதில் அருமை. தயாரித்த நாளும் காலாவதி நாளும் அடுத்தடுத்த வரியில் இருக்க, ‘எதுவரை பயன்படுத்தலாம்?’ என்று கேட்கிறது. தேதியை மட்டும் தேடுபவர் முதலில் கண்ணில் பட்டதை எழுதிவிடுவார். புரிந்து படித்தவருக்கே விடை சரியாக வரும்.

முதல் கேள்வி வீண். ‘கடை மூடும் நேரம்’ என்ற அதே சொற்கள் அறிவிப்பிலும் இருப்பதால், எழுத்து வடிவத்தைப் பொருத்தியே விடை எழுதிவிடலாம். ‘எத்தனை மணிக்குள் போக வேண்டும்?’ என்று மாற்றிக் கேளுங்கள்.

‘இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’ பகுதியில் தள்ளுபடிச் சதவீதம் கேட்டதும் தவறு. சுமார் 33 என்று கணக்கிட வராதவர், நன்றாகப் படித்திருந்தும் மதிப்பெண் இழப்பார். ‘மூன்று எடுத்தால் எத்தனைக்குப் பணம்?’ போதும்.

நிபந்தனை வரி பொடி எழுத்தில் இருக்கிறது, நகலெடுத்தால் மங்கும். எழுத்தளவு 12 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாமல் அச்சிடுங்கள். இல்லாவிட்டால் தவறு பார்வையாலா, வாசிப்பாலா என்று பிரித்தறிய முடியாது.